கடைசிப் பாட்டுக்குப் புது ஊசி

2019 அக்டோபர் 3, வியாழன்

மதுரையிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்து சேர மூன்று மணி ஆகிவிட்டது. டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். இருபத்து நான்காம் தேதி காலை. என் மனைவி பியூலாவின் குரல்வளையை முழுவதுமாக எடுத்தாக வேண்டும். "அப்புறம் பேச்சு?" என்று கேட்டேன். "இந்தக் குரல் இருக்காது. பழகினா வேற வழியில பேசலாம்" என்றார். பியூலா அவர் மேசைக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் திருமங்கலம் தாண்டியதும் "வீட்டுல மாவு தீந்துட்டு" என்றாள். 

நான் முப்பத்தேழு வருடம் தொலைபேசித் துறையில் லைன் பார்த்தவன். ஒரு லைன் போகப்போகிறது என்று முன்னாலேயே தெரிந்தால் செய்யவேண்டியது ஒன்றுதான்: அதில் ஓடுவதை வேறு லைனுக்கு மாற்றுவது. எங்களிடம் ஒரு இசைத்தட்டு இருக்கிறது. கல்யாணத்துக்கு மூன்று வருடம் முன்பு, 1981-இல், பியூலா ஊர்ச் சபையின் பாடகர் குழு சொந்தச் செலவில் போட்டது. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு அவள் பாடியது. பின்னால் ஆர்கன் மட்டும். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பாடவே இல்லை; தொண்டை ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். ஆக, அவள் பாடும் குரல் இந்த உலகத்தில் அந்தத் தட்டில் மட்டும்தான் இருக்கிறது. இருபத்து நான்காம் தேதிக்குள் அதைச் சுத்தமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும்.

சொன்னேன். "இப்ப அது எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டு அரிசி ஊறப்போடப் போய்விட்டாள்.

அக்டோபர் 4, வெள்ளி

தட்டைப் போட்டேன். நன்றாக இல்லை. முதல் மூன்று பாட்டு பரவாயில்லை. கடைசிப் பாட்டில் 'ச' வரும் இடமெல்லாம் சீறுகிறது. குரல் உயரே போகிற இடத்தில் கிழிகிறது. ஆர்கன் வெறும் உறுமலாகக் கேட்கிறது.

தட்டில் அழுக்கு. வேறு என்ன இருக்கப்போகிறது. சொட்டு சோப்பு விட்ட தண்ணீரில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி, நிழலில் நிறுத்திவைத்தேன். மாலையில் மறுபடி போட்டேன். அழுக்கு போய்விட்டது, கிழிசல் போகவில்லை.

அக்டோபர் 5, சனி

ஆம்ப்ளிஃபயர் வயரை மாற்றினேன். அதே கிழிசல். கேஸ் சிலிண்டர் வந்தது.

அக்டோபர் 6, ஞாயிறு

ஆராதனையில் போதகர் ஐயர் பியூலாவின் பேரைச் சொல்லி ஜெபித்தார். வெளியே வந்ததும் ஆளாளுக்குக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பாடகர் குழுவை நடத்தும் எட்வின், "அந்தக் குரலுக்கா இந்தச் சோதனை" என்று கண் கலங்கிவிட்டார். 1998-இல் நாங்கள் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த புதிதில் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு நான்தான் தட்டைப் போட்டுக் காட்டினேன். அந்தக் கிறிஸ்துமஸுக்குத் தனிப்பாட்டுப் பாடச் சொல்லிப் பியூலாவிடம் அவர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டாள். மறுபடி அவர் கேட்கவில்லை.

மத்தியானம் என் அக்கா ரோஸ்லின் வந்தாள். "ஏல தொரை, அந்தப் பாட்டப் போடுல. ஒரு தடவ கேட்டுக்கிடுதேன்" என்றாள். போட்டேன். கிழிசல் அக்காவின் காதில் விழவில்லை, அவள் அழுதுகொண்டிருந்தாள். பியூலா கொல்லைக் குழாயில் பாத்திரம் விளக்கப் போய்விட்டாள். தன் புகழைத் தானே கேட்கக் கூச்சப்படுவாள், எப்போதும் அப்படித்தான்.

அக்டோபர் 8, செவ்வாய்

கடிகாரம் ரிப்பேர் செய்பவரிடம் கண்ணில் வைத்துப் பார்க்கும் கண்ணாடியை இரவல் வாங்கி ஊசியைப் பார்த்தேன். 

ஊசி முனை என்பது ஒரு துளி வைரம். தட்டில் இருக்கும் பள்ளத்தின் இரண்டு சுவர்களையும் தொட்டுக்கொண்டு அது ஓட வேண்டும். பாட்டு அந்தச் சுவர்களில்தான் இருக்கிறது. தட்டின் வெளி ஓரத்தில் ஒரு சுற்று நீளமானது. பாட்டுக்குத் தாராளமாக இடம் உண்டு. நடுவை நெருங்க நெருங்கச் சுற்று சிறுத்துவிடும், பாட்டு நெருக்கிக்கொண்டு நிற்கும். மழுங்கிய ஊசி ஓரத்தில் எப்படியோ சமாளித்துவிடும். நடுவில் காட்டிக்கொடுத்துவிடும். கடைசிப் பாட்டு நடுவில்தான் இருக்கிறது.

என் ஊசி இரண்டு பக்கமும் தட்டையாகத் தேய்ந்து உளியாகி நிற்கிறது. எப்போது மாற்றினேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஷீபா பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடமாக இருக்கலாம். ஷீபாவுக்கு இப்போது முப்பத்திரண்டு வயது.

அக்டோபர் 9, புதன்

இசைத்தட்டுச் சாமான் விற்கும் சென்னைக்காரர் ஒருவரைப் போனில் பிடித்தேன். நல்ல மனிதர், பொறுமையாகப் பேசினார். என் பழைய ஊசி உருண்டை முனை. பள்ளத்தின் மேல்பாதியில்தான் உட்காரும்; அங்கேதான் இத்தனை வருடமும் தேய்த்திருக்கும். மெல்லிதாகச் சீவிய முனை கொண்ட ஊசி இருக்கிறதாம். அது இன்னும் ஆழமாக இறங்கி, பழைய ஊசி தொடாத இடத்தைத் தொடும். அங்கே பாட்டு அப்படியே இருக்கலாம் என்றார். இருக்கலாம், உறுதி சொல்ல முடியாது. பெங்களூரிலிருந்து வரவழைத்து அனுப்புகிறேன் என்றார்.

"சார், ஊசி குதிக்குதுன்னு மேல ஏதாவது வெயிட் வச்சீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

அக்டோபர் 10, வியாழன்

வைத்திருக்கிறேன். ஊசி பிடிக்கும் தலையில் ஒரு நாலணாவை வைத்து செலோடேப் ஒட்டுவேன். அந்தக் காலத்தில் கல்யாண வீட்டு மைக் செட்காரர்கள் எல்லோரும் செய்ததுதான். கடைசிப் பாட்டு குதிக்க ஆரம்பித்தபோது நானும் அப்படிச் செய்தேன். விருந்தாள் வரும்போது மட்டும்.

விருந்தாள் நிறைய வந்தார்கள்.

அக்டோபர் 12, சனி

ஷீபா பெங்களூரிலிருந்து பேசினாள். இருபத்து மூன்றாம் தேதி நேரே மதுரைக்கு வந்துவிடுவாள். "அப்பா, அந்தத் தட்ட விடுங்க. அம்மா இப்ப பேசுறத போன்ல எடுத்து வைங்க. சும்மா பேசட்டும், கடைக்கு லிஸ்ட் சொல்லட்டும், என்னத் திட்டட்டும்."

"இந்தக் கரகரப்ப எடுத்து வச்சி என்ன செய்ய? உங்க அம்மா உண்மையான குரல் தட்டுல இருக்கு. ஒரு வாரம் பொறு" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பியூலா வாசற்படியில் நிற்கிறாள். கையில் எனக்கான காபி. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். அவள் குரல் நேற்றைவிட அடைத்திருந்தது. அதைக் கேட்கப் பயமாக இருந்தது எனக்கு. பார்சல் விஷயமாகச் சென்னைக்குப் பேச வேண்டும், பிறகு சொல் என்றேன். காபியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 14, திங்கள்

பார்சல் கிளம்பிவிட்டது என்று சொல்கிறார்கள். எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை.

இரவுச் சாப்பாட்டின்போது பியூலா, "அந்த ஊசி வந்துதான் ஆகணுமா? வேண்டாம்னு சொல்லிருங்களேன்" என்றாள்.

"ஒனக்காகத்தான நாயா அலையுதேன்?"

"எனக்காகன்னா பக்கத்துல இருங்க. பெட்டிக்குள்ள தலைய விட்டுக்கிட்டுக் கெடக்காதீங்க."

நான் கத்திவிட்டேன். பத்து நாளில் இல்லாமல் போகப்போகும் குரலைக் காப்பாற்ற ஒருத்தன் பாடுபட்டால் அதற்கும் குறை சொல்கிறாயே என்றேன். சொல்லக்கூடாத வார்த்தை.  நான் எழுந்திருக்காமல் சாப்பாட்டுத் தட்டைக் காலி செய்தேன்.

அக்டோபர் 16, புதன்

மழை பிடித்துக்கொண்டது. கூரியர் ஆபீசுக்கு ஒன்பது மணிக்கே போய்விட்டேன். வண்டி வரும், பதினொன்றுக்கு வரும், ஒன்றரைக்கு வரும் என்றார்கள். இரண்டு மணிக்கு வந்த வண்டியில் என் பேருக்கு எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்தால் பூட்டியிருக்கிறது. இன்றைக்கு ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனை. பத்து மணிக்கு நான் கூட்டிப்போவதாக இருந்தது. சுத்தமாக மறந்துபோனேன். அவள் தனியாக ஆட்டோ பிடித்துப் போய், முழங்கையில் பஞ்சை ஒட்டிக்கொண்டு மூன்று மணிக்கு வந்தாள். பேர் கேட்டபோது அவள் சொன்னது அங்கிருந்த பெண்ணுக்குப் புரியவில்லையாம். ஒரு சீட்டில் எழுதிக் காட்டியிருக்கிறாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 18, வெள்ளி

வந்துவிட்டது. தீப்பெட்டி அளவு டப்பா.

ஊசித் தலையைப் பொருத்த நான்கு நிற வயர்கள், தலைமுடி கனம்தான். கம்பத்தின் மேல் தொங்கிக்கொண்டு நூறு ஜோடி வயரைக் கலர் பிசகாமல் சேர்த்த கை இது. இன்று நான்கைச் சேர்க்க ஒரு மணி நேரம் ஆனது. சென்னைக்காரர் கூடவே ஒரு குட்டித் தராசு அனுப்பியிருந்தார். ஊசி தட்டை அழுத்தவேண்டிய எடை ஒன்றே முக்கால் கிராம்தான். அதே தராசில் நாலணாவை வைத்துப் பார்த்தேன், அது மட்டுமே இரண்டரை கிராம். பார்த்திருக்க வேண்டாம்.

இன்று தட்டைத் தொடவில்லை.

அக்டோபர் 19, சனி

பியூலா மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் போட்டேன். கம்ப்யூட்டரில் பதிவை ஓடவிட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

முதலில் கேட்டது அமைதி. பழைய ஊசியில் பாட்டுக்கு முன்னால் எப்போதும் ஒரு கரகரப்பு இருக்கும். அது இல்லை. பிறகு குரல் வந்தது. 'ச' சீறவில்லை. ஆனால் உயரே போன இடத்தில் கிழிசல் அப்படியே இருந்தது. அங்கே பள்ளமே போய்விட்டது. எந்த ஊசியாலும் இனி அது வராது. நாலணா செய்த வேலை. அதாவது நான் செய்த வேலை. 

இரண்டாவது சரணத்தில் ஆர்கன் மூச்சு விட்டது.

நிறுத்திவிட்டு மறுபடி வைத்துக் கேட்டேன். ஆர்கனுக்கு மூச்சு கிடையாது. நான் ஆர்கன் என்று நினைத்திருந்த அந்த உறுமலுக்கு முன்னால், பல்லிடுக்கில் இழுக்கும் சின்ன மூச்சு ஒன்று தெளிவாகக் கேட்கிறது. அதற்குப் பின்னால் வார்த்தைகள் வருகின்றன. என் உருண்டை முனை ஊசி, புதிதாக இருந்த காலத்திலும், அந்த வார்த்தைகளின் மெய்யெழுத்துகளையெல்லாம் தின்றுவிட்டு வெறும் உயிரை மட்டும் மிச்சம் வைத்திருந்ததால் அது வாத்தியம் போலக் கேட்டிருக்கிறது. கீழே ஒரு பெண் பாடிக்கொண்டிருக்கிறாள். மேல் குரலோடு ஒட்டி, ஆனால் வேறு வழியில், கனமாக, அவசரமில்லாமல். ஒரு கீறல் இல்லை. தேய்மானம் உயரக் குரலைத்தான் முதலில் தின்னும்; தாழ்ந்த குரலை விட்டுவைத்திருக்கிறது.

'ல்' என்று முடிகிற சொல்லைப் பியூலா நாக்கில் ஒரு கணம் நிறுத்தித்தான் விடுவாள். பால் என்று சொன்னாலும் அப்படித்தான். கீழே பாடுகிறவளும் அப்படித்தான் விடுகிறாள்.

ஒரே ஆளை இரண்டு முறை பதிவு செய்து ஒன்றாகச் சேர்த்திருக்கலாம். சினிமாவில் செய்கிறார்கள். 1981-இல் ஒரு சபைக் குழுவுக்கு அந்த வசதி இருந்ததா என்று தெரியவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

ஒரே ஆள் இல்லை. பதினோரு தடவை கேட்டுவிட்டேன்.

கோவிலுக்குப் போகவில்லை. கால்வலி என்று சொன்னேன்.

அக்டோபர் 21, திங்கள்

காலையில் பியூலா சீனி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"மேல பாடுறது யாரு?"

கத்தி நின்றது. "கேட்டுட்டா?" என்றாள்.

"கேட்டுட்டு."

"ஹெப்சிபா. எங்க தெருக்காரி. அவதான் எப்பவும் மேல. நான் ஆல்ட்டோ, கீழ."

"உங்க அப்பா தட்டத் தரும்போது நீ பாடுனதுன்னு சொன்னாரே."

"நான் பாடுனதுதான. ரெண்டு பேர் பாடுனோம். அப்பா பொய் சொல்லல."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவளுக்கு நீளமாகப் பேச முடியவில்லை. நடுநடுவே தண்ணீர் குடித்துக்கொண்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

"கல்யாணமாகி நாலாம் நாள். உங்க அம்மா, அக்கா, அக்கம்பக்கத்து ஆளுக எல்லாரும் உக்காந்திருக்காங்க. நீங்க தட்டப் போட்டீங்க. மேல குரல் வந்ததும் என்னையக் கையக் காட்டி, இதுதான் எங்க வீட்டுக்காரின்னீங்க. உங்க மொகத்தப் பாத்தேன். அத்தன பேரு முன்னால இல்லன்னு எப்படிச் சொல்ல? அப்புறமாச் சொல்லிக்கிடலாம்னு இருந்தேன். நீங்க வாரவங்க போறவங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுனீங்க."

"அதுக்காகப் பாட்டையே விட்டுட்டியா?"

"எந்த ஊருக்கு மாத்தலாகிப் போனாலும் எனக்கு முன்னால உங்க பேச்சு போயிருது. என்னைய மேல பாடச் சொல்லுதாங்க. அது எனக்கு எட்டாது. கீழ நிக்கேன்னு சொன்னா, அப்ப தட்டுல பாடுனது யாருன்னு கேப்பாங்க. தொண்ட சரியில்லன்னு சொல்லிட்டேன். முப்பத்தஞ்சு வருசமா அதச் சொல்லிச் சொல்லி, இப்ப நெசமாவே சரியில்லாமப் போச்சு."

சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. நான் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். வயர் எங்கே இரைகிறது, ஊசி எங்கே சீறுகிறது என்று எல்லாம் தெரிந்த எனக்கு, கூடவே படுத்து எழுந்தவளின் குரல் தெரியவில்லை. மன்னித்துக்கொள் என்றேன். "காய நறுக்க விடுங்க" என்றாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

மாலை ஆறு மணிக்கு ஜெபத்துக்கு வந்தார்கள். எட்வினும் குழுவிலிருந்து ஐந்து பேரும், ரோஸ்லின் அக்காவும். ஜெபம் முடிந்து டீ கொடுத்தோம். எதிர்பார்த்ததுதான், அக்கா ஆரம்பித்தாள். "ஏல, பாட்டப் போடு. எல்லாரும் கேக்கட்டும்."

பியூலா எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு எழுந்து நின்றேன். மைக் பிடித்துப் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. 

"போடுதேன். ஆனா மேல பாடுறது பியூலா இல்ல. அது ஹெப்சிபான்னு ஒரு அம்மா. பியூலா கீழ பாடுதா. அது ஆர்கன்னு நெனச்சிக்கிட்டு இருந்தது நான். இத்தன வருசமா உங்க எல்லாருக்கும் தப்பாச் சொன்னது நான். அவ ஒரு நாளும் சொல்லல."

"என்னல சொல்லுத?" என்றாள் அக்கா.  முகம் பற்றி எரிந்தது எனக்கு. அந்த நாலாம் நாள் பியூலா இதைத்தான் என்னிடமிருந்து தள்ளி வைத்திருக்கிறாள் என்று புரிந்தது.

போட்டேன். இரண்டாவது சரணத்தில் எட்வின் தலை நிமிர்ந்தார். பாட்டு முடிந்து ஊசியை எடுத்தபின்னும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இருவது வருசமா ஆல்ட்டோவுக்கு ஆள் இல்லாம நாங்க பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும், தம்பி" என்றாள் பியூலா.

எட்வின் மெதுவாக அதே பாட்டின் மேல் குரலை எடுத்தார். குழுப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பியூலா முதல் சரணம் முழுவதும் மடியைப் பார்த்தபடி இருந்தாள். இரண்டாவதில் கீழ்க் குரலில் உள்ளே வந்தாள். கரகரத்தது, இரண்டு இடத்தில் காற்று மட்டும் வந்தது, ஒரு இடத்தில் நின்றே போனாள். ஆனால் வழி தவறவில்லை. குழுப் பெண் ஒருத்தி போனை எடுத்துப் பதிவு செய்ததை அப்புறம்தான் கவனித்தேன். எனக்கு அந்த ஞாபகமே வரவில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 23, புதன்

மதுரை. அறை எண் 212. ஷீபா வந்துவிட்டாள். அம்மாவும் மகளும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நான் வராந்தாவில் இருக்கிறேன்.

அக்டோபர் 24, வியாழன்

ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். கதவுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சரை நிறுத்தச் சொல்லி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். குனிந்தேன்.

"ஹெப்சிபாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க. அவ பாட்ட இத்தன வருசமா நான் வச்சிக்கிட்டேன்னு."

அவள் பையில் இருந்த பழைய முகவரிப் புத்தகத்தில் தூத்துக்குடி எண் ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு முன் எழுதிய சின்னப் புத்தகம், நடுவில் ஒருமுறை எண்ணை அடித்துத் திருத்தியிருக்கிறாள். திருத்தியதும் ஆறு இலக்கக் காலத்து எண்தான். எண்கள் ஏழு இலக்கமானபோது எல்லாவற்றுக்கும் வந்த இரண்டை முன்னால் சேர்த்துக்கொண்டேன். அந்த மாற்றத்தைச் செய்த ஆட்களில் நானும் ஒருவன். பத்தரை மணிக்கு வராந்தாவில் நின்று அடித்தேன். லைன் உயிரோடு இருந்தது. வயதான பெண் குரல் எடுத்தது.

"நான் பியூலா வீட்டுக்காரர் பேசுதேன். பாளையங்கோட்டை" என்றேன்.

"எந்தப் பியூலா?" கொஞ்சம் தயக்கம். "எங்க ஆல்ட்டோ பியூலாவா?"

"ஆமா."

"அவ சத்தங் கேட்டு எத்தன வருசமாச்சு. எப்படி இருக்கா? இப்பவும் பாடுதாளா?"

ஆபரேஷன் தியேட்டருக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஷீபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முந்தாநாள் பாடினா" என்றேன்.